பென் டிரைவை எப்போது கழற்றலாம்?

பென் டிரைவில் பைல்களை காப்பி செய்கிறோம். திரையில் ஓடிய பச்சைக் கோடு நிறைவடைந்து, காப்பி விண்டோவும் மறைந்துவிட்டது. இனி பென் டிரைவை அப்படியே இழுத்துவிடலாமா, அல்லது "சேப்லி ரிமூவ்" ஐகானைத் தேடிப் பிடித்து கிளிக் செய்த பின்னர் தான் கழற்ற வேண்டுமா? நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பதால், உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "அதெல்லாம் இப்போது தேவையில்லை என்று மைக்ரோசாப்டே சொல்லிவிட்டதாமே" என்று சிலர் கூடவே சேர்த்தும் கேட்கின்றனர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்து கொள்ளாததால் தான் பைல்கள் தொலைகின்றன. எனவே, கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

செருகுவது எளிது

கம்ப்யூட்டர் இயங்கிக் கொண்டிருக்கும்போதே ஒரு சாதனத்தை இணைக்கவும் கழற்றவும் முடிய வேண்டும் என்பது, 1996 ஆம் ஆண்டு யு.எஸ்.பி.யின் முதல் பதிப்பு வந்தபோதே அதன் அடிப்படை நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. வழக்கமான யு.எஸ்.பி. பிளக்கின் உள்ளே பாருங்கள். நான்கு உலோகப் பட்டைகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள இரண்டைவிடச் சற்று நீளமாக இருக்கும். ஓரத்தில் உள்ளவை மின்சாரத்திற்கு. நடுவில் உள்ளவை டேட்டாவிற்கு. செருகும்போது மின்சாரம் முதலில் சேரும். கழற்றும்போது டேட்டா இணைப்பு முதலில் விடுபட்டு, மின்சாரம் கடைசியாகப் பிரியும். ஆகவே, இயங்கும்போதே கழற்றினால் கம்ப்யூட்டரோ போர்ட்டோ பழுதாகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆபத்து வன்பொருளுக்கு அல்ல. உள்ளே இருக்கும் நம் பைல்களுக்கு.

வேலை நடக்கும் மூன்று இடங்கள்

ஒரு பைலை பென் டிரைவில் சேவ் செய்கையில், அந்த வேலை மூன்று இடங்களைக் கடந்து செல்கிறது.

முதல் இடம், நாம் பயன்படுத்தும் புரோகிராம். வேர்ட் அல்லது எக்ஸெல் பைலை பென் டிரைவிலிருந்தே நேரடியாகத் திறந்து வேலை பார்த்தால், அந்தப் புரோகிராம் பைலைத் தன் பிடியில் வைத்திருக்கும். அதே டிரைவில் தற்காலிக பைல்களையும் உருவாக்கும். வீடியோ எடிட் செய்யும் புரோகிராம்களும் கடைகளில் பயன்படுத்தும் கணக்கு சாப்ட்வேர்களும் இப்படித்தான்.

இரண்டாவது இடம், ஆபரேட்டிங் சிஸ்டம். ராம் நினைவகம் மிக வேகமானது. பென் டிரைவ் அதனோடு ஒப்பிட்டால் மிக மெதுவானது. எனவே, எழுத வேண்டியதை முதலில் ராமில் வாங்கி வைத்துக் கொண்டு, "முடிந்தது" என்று புரோகிராமிடம் சொல்லிவிட்டு, பின்னணியில் மெதுவாக டிரைவுக்கு அனுப்பும் பழக்கம் ஆபரேட்டிங் சிஸ்டங்களுக்கு உண்டு. இதனை ரைட் கேஷிங் என்பார்கள். காப்பி கோடு மறைந்த பின்னரும் பென் டிரைவின் விளக்கு சிமிட்டிக் கொண்டிருப்பதைச் சில கம்ப்யூட்டர்களில் பார்த்திருப்பீர்கள். இதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது இடம், பென் டிரைவ். நாம் அதனை வெறும் சேமிப்புப் பெட்டியாக நினைக்கிறோம். ஆனால் அதற்குள் கண்ட்ரோலர் என்ற ஒரு சிறிய சிப் இருக்கிறது. பிளாஷ் மெமரியில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடக்கும். அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய பிளாக்குகளாக மட்டுமே நடக்கும். அதனால் ஒரு சிறிய பைலை மாற்றி எழுதும்போது கூட, அதே பிளாக்கில் குடியிருக்கும் வேறு பைல்களின் பகுதிகளை இந்த சிப் இடம் மாற்ற வேண்டி வரலாம். எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலையும் அதுவே பராமரிக்கிறது. இந்த வேலை நடக்கையில் மின்சாரம் நின்றால், நீங்கள் அன்று தொடாத பழைய பைல் கூடக் கெட்டுப் போக வாய்ப்பு உண்டு. "நான் ஒரு சின்ன டெக்ஸ்ட் பைலைத் தானே சேவ் செய்தேன், மற்ற பைல்களுக்கு என்ன வந்தது?" என்று சிலர் திகைப்பதற்கு இது ஒரு விளக்கம்.

முறையாக இஜெக்ட் செய்வது என்றால், இந்த மூன்று இடங்களிலும் வேலை முடிந்ததா என்று விசாரிப்பது தான். பைலைப் பிடித்திருக்கும் புரோகிராம் உண்டா என்று விண்டோஸ் பார்க்கிறது. ராமில் தேங்கியிருப்பதை எழுதி முடிக்கிறது. டிரைவும் தன்னிடம் நிலுவையில் உள்ளதை முடிக்க வாய்ப்பு தருகிறது. அதன் பின்னரே கழற்றலாம் என்ற செய்தி நமக்குக் கிடைக்கிறது.

பாதியில் நின்றால் என்ன ஆகும்?

ஒரு கடையில் புதிய சரக்கு வந்து இறங்குகிறது. அதனை அலமாரியில் அடுக்க வேண்டும். எந்த அலமாரியில் வைத்தோம் என்று பேரேட்டிலும் எழுத வேண்டும். அடுக்கியாகிவிட்டது, பேரேட்டில் எழுதவில்லை என்றால் சரக்கு இருந்தும் கிடைக்காது. பேரேட்டில் எழுதியாகிவிட்டது, அடுக்கவில்லை என்றால் கணக்கில் இருக்கும் சரக்கு கையில் இருக்காது. பேரேடே கிழிந்துவிட்டால் பழைய சரக்கும் சேர்ந்து காணாமல் போகும்.

டிரைவில் பைல் சிஸ்டம் தான் இந்தப் பேரேடு. பெரும்பாலான பென் டிரைவ்களும் மெமரி கார்டுகளும் பேட் 32 அல்லது எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்யப்பட்டு வருகின்றன. எளிமையான இந்த இரண்டும் டிவி, கார் ஸ்டீரியோ எனப் பல சாதனங்களிலும் இயங்குபவை. ஆனால், "இப்போது இந்த மாற்றத்தைச் செய்யப் போகிறேன்" என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னல் வசதி இவற்றில் இல்லை. என்.டி.எப்.எஸ். முறையில் அந்த வசதி இருப்பதால், இடையில் தடைப்பட்டாலும் பேரேட்டைச் சரி செய்து கொள்ளும். அதுவும் பேரேட்டுக்குத் தான் பாதுகாப்பு. பாதி எழுதிய உங்கள் பைலின் மீதிப் பாதியை எந்த பைல் சிஸ்டமும் கொண்டு வந்து தராது.

மைக்ரோசாப்ட் சொன்னது என்ன?

வெளியிலிருந்து இணைக்கும் டிரைவ்களுக்கு விண்டோஸ் இரண்டு கொள்கைகளை வைத்திருக்கிறது. ஒன்று "குயிக் ரிமூவல்". மற்றொன்று "பெட்டர் பெர்பார்மன்ஸ்". முதலாவதில், எழுத வேண்டியதை விண்டோஸ் ராமில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் டிரைவுக்கு அனுப்பிவிடும். வேகம் சற்றுக் குறையலாம். இரண்டாவதில் தேக்கி வைத்து எழுதும். வேகம் கிடைக்கும், ஆனால், சேப்லி ரிமூவ் கட்டாயம்.

2018 ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு முதல், குயிக் ரிமூவல் தான் மாறாநிலை அமைப்பு என மைக்ரோசாப்ட் தன் தொழில்நுட்பக் குறிப்பில் தெரிவித்தது. இந்த முறையில், சேப்லி ரிமூவ் செய்யாமலேயே சாதனத்தைக் கழற்றலாம் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. 2019 ஏப்ரலில் இது செய்தியாகப் பரவியபோது, "இனி எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம்" என்று பலர் எடுத்துக் கொண்டனர்.

மேலே சொன்ன மூன்று இடங்களையும் நினைவில் கொள்ளுங்கள். குயிக் ரிமூவல் கவனித்துக் கொள்வது இரண்டாவது இடத்தை மட்டும் தான். எழுதிக் கொண்டிருக்கும்போதே இழுத்தால் அது காப்பாற்றாது. வேர்டில் திறந்து வைத்திருக்கும் பைலையும் அது மூடாது. கண்ட்ரோலர் சிப்பின் உள் வேலை எப்போது முடியும் என்பதும் அதற்குத் தெரியாது. மேலும், இந்தக் கொள்கை ஒவ்வொரு சாதனத்திற்கும் தனித்தனியாக அமைக்கப்படுவது. வேகத்திற்காக யாராவது மாற்றி வைத்திருந்தால், அந்த சாதனத்தை அதே கம்ப்யூட்டரின் அதே போர்ட்டில் மீண்டும் இணைக்கும்போது மாற்றிய அமைப்பே செயல்படும். கல்லூரி லேப், ஜெராக்ஸ் கடை, அலுவலகம் என எங்கெங்கோ பென் டிரைவைச் செருகும் நமக்கு, அங்குள்ள கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ், எந்த அமைப்பு என்று எப்படித் தெரியும்?

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள அமைப்பை அறிய, டிரைவை இணைத்து, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து "டிவைஸ் மேனேஜர்" தேர்ந்தெடுக்கவும். அதில் "டிஸ்க் டிரைவ்ஸ்" பிரிவை விரித்தால் உங்கள் டிரைவின் பெயர் கிடைக்கும். அதில் ரைட் கிளிக் செய்து, "ப்ராப்பர்டீஸ்" சென்று, "பாலிசீஸ்" டேபைத் திறந்தால் இரண்டு கொள்கைகளும் காட்டப்படும். "குயிக் ரிமூவல்" தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்த்து, இல்லை எனில் அதனைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும்.

கழற்றும் வழி

1. டிரைவில் உள்ள பைல்களைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம்களை சேவ் செய்து மூடவும். அந்த டிரைவைக் காட்டிக் கொண்டிருக்கும் எக்ஸ்புளோரர் விண்டோவையும் மூடிவிடவும்.

2. டாஸ்க் பாரின் வலது ஓரத்தில், மணி காட்டும் இடத்திற்கு அருகே மேல் நோக்கிய சிறிய அம்புக்குறி இருக்கும். அதில் கிளிக் செய்தால், மறைந்திருக்கும் ஐகான்கள் காட்டப்படும். அவற்றில் யு.எஸ்.பி. பிளக் போன்ற ஐகானில் கிளிக் செய்திடவும்.

3. இணைக்கப்பட்டுள்ள சாதனங்களின் பட்டியல் கிடைக்கும். "இஜெக்ட்" என்ற சொல்லுடன் உங்கள் டிரைவின் பெயர் இருக்கும். இரண்டு மூன்று டிரைவ்கள் இருந்தால் எழுத்தையும் பெயரையும் சரி பார்த்துக் கிளிக் செய்திடவும்.

4. "சேப் டு ரிமூவ் ஹார்ட்வேர்" என்ற செய்தி வந்த பின்னர், டிரைவின் விளக்கு அடங்கியிருக்கிறதா எனப் பார்த்துக் கழற்றவும்.

இதற்கு இன்னொரு வழி, "திஸ் பிசி" விண்டோவில் டிரைவ் ஐகானில் ரைட் கிளிக் செய்து "இஜெக்ட்" கொடுப்பது. சில வெளி ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இந்தப் பிரிவு கிடைக்காமல் போகலாம். அப்போது டாஸ்க் பார் வழியே சரியானது.

சுழலும் தட்டு உள்ள வெளி ஹார்ட் டிஸ்க் என்றால் கூடுதல் கவனம் தேவை. இஜெக்ட் செய்த பின்னரும் தட்டு சுழன்று நிற்கச் சில விநாடிகள் ஆகும். கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு நின்ற பின்னர் எடுக்கவும். இஜெக்ட் செய்யாமல் இழுத்தால், படிக்கும் ஹெட் அவசர அவசரமாகத் தன் இடத்திற்குத் திரும்ப வேண்டியதாகிறது. அதற்கேற்ப டிஸ்க்குகள் தயாரிக்கப்படுகின்றன என்றாலும், அது அவசரத்திற்கான வசதி. தினசரி வழக்கத்திற்கானது அல்ல.

மறுக்கிறதா? காரணம் இருக்கும்

இஜெக்ட் கொடுத்தால், "திஸ் டிவைஸ் இஸ் கரண்ட்லி இன் யூஸ்" என்று விண்டோஸ் மறுப்பது பலருக்கும் எரிச்சலூட்டும். அந்த எரிச்சலில் இழுத்துவிடுவது தான் பெரிய தவறு. ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் டிரைவைப் பிடித்திருக்கிறது என்பதைத் தான் விண்டோஸ் நமக்குச் சொல்கிறது. கீழ்க்கண்டவற்றை வரிசையாக முயற்சிக்கவும்.

முதலில் அரை நிமிடம் காத்திருந்து மீண்டும் இஜெக்ட் கொடுக்கவும். ஆண்ட்டி வைரஸ் சோதனையோ, போட்டோக்களின் சிறு படங்களை உருவாக்கும் வேலையோ நடந்து கொண்டிருந்தால், அதற்குள் முடிந்திருக்கும்.

அடுத்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "விண்டோஸ் எக்ஸ்புளோரர்" வரியில் ரைட் கிளிக் செய்து "ரீஸ்டார்ட்" கொடுக்கவும். டாஸ்க் பார் ஒரு நொடி மறைந்து வரும். பயப்பட வேண்டாம்.

எந்தப் புரோகிராம் பிடித்திருக்கிறது என்று அறிய, "ஈவண்ட் வியூவர்" திறந்து, "விண்டோஸ் லாக்ஸ்" பிரிவில் "சிஸ்டம்" தேர்ந்தெடுக்கவும். 225 என்ற எண்ணுடைய பதிவைத் தேடினால், கழற்றுவதைத் தடுத்த புரோகிராமின் பெயர் அதில் இருக்கும். பெயர் தெரிந்துவிட்டால் அதனை முறையாக மூடலாம்.

எதற்கும் மசியவில்லையா? சைன் அவுட் செய்து பார்க்கவும். அதற்கும் வழியில்லை என்றால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, முழுவதும் நின்ற பின்னர் கழற்றவும். ஷிப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால், பாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லாமல் முழுமையாக நிற்கும். ஸ்லீப் நிலையில் வைத்துவிட்டுக் கழற்றுவது ஷட் டவுனுக்கு ஈடாகாது. அந்த நிலையில் திறந்த பைல்கள் திறந்தபடியே இருக்கின்றன.

எதற்குத் தேவை, எதற்கு இல்லை?

மவுஸ், கீ போர்டு, ஹெட்போன், வெப் கேமரா ஆகியவற்றில் நாம் பைல் எதையும் எழுதுவதில்லை. தாராளமாகக் கழற்றலாம். பிரிண்டரை, அச்சிடும் வேலை இல்லாதபோது கழற்றலாம்.

ஆண்ட்ராய்ட் போன்கள் இன்று பெரும்பாலும் எம்.டி.பி. முறையில் இணைகின்றன. இதில் போனின் பைல் சிஸ்டத்தை போனே நிர்வகிக்கிறது. கம்ப்யூட்டர் கேட்பதை அது கொடுக்கிறது. அதனால் தான் போனுக்கு டிரைவ் எழுத்து கிடைப்பதில்லை. காப்பி முடிந்திருந்தால் கேபிளை எடுக்கலாம். நடுவில் எடுக்கக் கூடாது.

மெமரி கார்டை ரீடரில் போட்டிருந்தால், முதலில் இஜெக்ட் செய்து, பின்னர் கார்டை எடுக்கவும். கேமரா கார்டில் குடும்ப நிகழ்ச்சிகளின் ஒரே பிரதி இருக்கும் என்பதால், இங்கே அவசரம் கூடவே கூடாது.

பென் டிரைவிலிருந்து படம் பார்க்கிறோம் அல்லது பிரிண்ட் மட்டும் எடுக்கிறோம் என்றால், ஆபத்து குறைவு தான். முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. நாம் எதையும் சேவ் செய்யாவிட்டாலும், விண்டோஸ் தன் பயன்பாட்டிற்காக டிரைவில் சிறிய பைல்களை எழுதக் கூடும். "சிஸ்டம் வால்யூம் இன்பர்மேஷன்" என்ற போல்டர் பென் டிரைவில் தானாகவே முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மின்வெட்டும் இதே கணக்கில் தான் வரும். யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி ஆகும்போது கரண்ட் போனால், கேபிளைப் பிடுங்கியதற்குச் சமம். முன்பக்க போர்ட் தளர்ந்திருந்து, கால் பட்டு இணைப்பு விட்டு விட்டு வந்தாலும் அப்படியே. பெரிய காப்பி வேலைகளுக்குப் பின்பக்க போர்ட்டையும் குட்டையான கேபிளையும் பயன்படுத்துவது நல்லது.

மேக், லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு

மைக்ரோசாப்டின் குயிக் ரிமூவல் அறிவிப்பு விண்டோஸுக்கு மட்டுமே. மேக் கம்ப்யூட்டரில், பைண்டர் விண்டோவில் டிரைவ் பெயருக்கு அருகே உள்ள இஜெக்ட் குறியைக் கிளிக் செய்ய வேண்டும். செய்யாமல் இழுத்தால், "டிஸ்க் நாட் இஜெக்டட் ப்ராப்பர்லி" என்று அது கண்டிக்கும். லினக்ஸில் ராமில் தேக்கி எழுதும் வழக்கம் அதிகம். பெரிய பைல் சில விநாடிகளில் காப்பி ஆனது போலத் தோன்றும். இஜெக்ட் கொடுத்த பின்னர் தான் உண்மையான எழுத்து வேலை நடந்து, சில நிமிடங்கள் கூட எடுக்கும். அந்த நேரத்தில் பொறுமை அவசியம்.

பிரச்னை வந்துவிட்டால்

டிரைவை அடுத்த முறை இணைக்கும்போது, அதில் பிரச்னை இருப்பதாகவும் ஸ்கேன் செய்து சரி செய்யுமாறும் விண்டோஸ் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். பைல்கள் கண்ணுக்குத் தெரிந்தால், முதலில் அவற்றை வேறு டிரைவுக்கு காப்பி செய்து கொள்ளவும். பிறகு, டிரைவ் ஐகானில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், "டூல்ஸ்" டேப், "செக்" என்று சென்று சோதிக்கவும். வரிசை முக்கியம். சரி செய்யும் வேலையும் டிரைவில் எழுதும் வேலை தான்; அது சில வேளைகளில் மீட்கக் கூடிய தடயங்களை அழித்துவிடும்.

"இந்த டிரைவை பார்மட் செய்தால் தான் பயன்படுத்த முடியும்" என்ற செய்தி வந்தால், "கேன்சல்" கொடுக்கவும். பெரும்பாலும் பேரேடு தான் கிழிந்திருக்கும்; சரக்கு அலமாரியில் இருக்கும். டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல், போட்டோரெக் போன்ற மீட்பு சாப்ட்வேரை வேறு டிரைவிலிருந்து இயக்கி, மீட்கும் பைல்களையும் வேறு டிரைவில் சேவ் செய்திடவும். இது இலவசமாகக் கிடைக்கிறது. 2020 ஆம் ஆண்டு மைக்ரோசாப்டும் விண்டோஸ் பைல் ரெகவரி என்ற இலவச சாப்ட்வேரை வெளியிட்டது. ஆனால், அதில் கட்டளைகளை டைப் செய்து தான் இயக்க வேண்டும்.

என் உறவினர் ஒருவரின் பென் டிரைவ் இந்த நிலையில் என்னிடம் வந்தது. மகளின் காதுகுத்து விழா போட்டோக்கள் முழுவதும் அதில் மட்டுமே இருந்தன. போட்டோரெக் இயக்கியதில் பெரும்பாலானவை கிடைத்தன. ஆனால், போட்டோரெக் பேரேட்டைப் பார்க்காமல் நேரடியாக அலமாரியைத் துழாவும் சாப்ட்வேர். அதனால் பைல் பெயர்களும் போல்டர்களும் திரும்பவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வெறும் எண்களாகக் குவிந்து கிடந்தன. சில படங்கள் பாதி வரை தெரிந்து, மீதி சாம்பல் நிறமாக இருந்தன. அவற்றில் ஒன்று, தாய்மாமன் மடியில் குழந்தை அமர்ந்திருக்கும் படம். அதனை எந்த சாப்ட்வேராலும் மீட்க முடியவில்லை.

வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்ற சத்தம் வந்தால், எந்த சாப்ட்வேரையும் முயற்சிக்க வேண்டாம். உடனே நிறுத்தி, டேட்டா மீட்பில் பயிற்சி உள்ளவர்களிடம் கொண்டு செல்லவும்.

முடிவாக

விண்டோஸில் குயிக் ரிமூவல் அமைப்பு இருந்து, காப்பி முடிந்து, பைல்கள் எல்லாம் மூடப்பட்டு, விளக்கும் அடங்கியிருந்தால், பென் டிரைவை அப்படியே எடுப்பதில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால், இத்தனையையும் நாமே சரி பார்ப்பதைவிட, இரண்டு கிளிக்கில் விண்டோஸையே பார்க்கச் சொல்வது எளிது. அதற்கு ஐந்து விநாடி கூட ஆகாது.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு கவனமாகக் கழற்றினாலும் பென் டிரைவ் ஒரு நாள் பழுதாகும். அல்லது சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போகும். பைல்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்குக் கொண்டு செல்ல மட்டும் அதனைப் பயன்படுத்துங்கள். ஒரே பிரதியை அதில் வைத்துக் கொண்டு இருக்காதீர்கள். இன்றே உங்கள் மேஜை டிராயரில் உள்ள பென் டிரைவ்களை எடுத்துப் பாருங்கள். வேறு எங்கும் இல்லாத பைல் ஏதேனும் அவற்றில் இருந்தால், முதலில் அதனை ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்திடவும். பிறகு, மறக்காமல் இஜெக்ட் செய்து கழற்றவும்.